ஆகாயத்தில் ஒரு பந்தி



சென்னையில் முதன்முதலாக விமானம் ஓட்டியவர் யார் தெரியுமா? ராணுவக்காரரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. ஓட்டல்காரர். ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்று பெயர். மவுண்ட் ரோட்டில் பெரிய ஓட்டல் நடத்தியவர். கேக், இனிப்பு செய்வதிலும் விருந்து சமைப்பதிலும் கவர்னர் மாளிகை வரை பெயர் வாங்கியவர். 1909-ல் பிளெரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டினார். அந்தச் செய்தியைப் படித்த நம்மூர் ஓட்டல் முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. சிம்ப்சன் கம்பெனியில் சொல்லி ஒரு விமானம் செய்ய வைத்து, 1910 மார்ச் மாதத்தில் பறந்தும் காட்டினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் கடைத்தெருவில் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த பையன் ஒருவனைப் பார்த்தேன். பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது வயது. வளைகுடாவில் வேலை. லீவில் வந்திருக்கிறான். "சார், முன்னெல்லாம் ப்ளைட்ல சும்மாவே சாப்பாடு குடுப்பாங்களாம்ல? இப்ப தண்ணிக்குக்கூட காசு கேக்குறான். ஏன் சார் இப்படி ஆச்சு?" என்றான். நல்ல கேள்வி. அங்கேயே நின்றுகொண்டு பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

*கட்டுச்சோறு, ரயில், கப்பல்*

பயணம் போகிறவன் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதுதான் நம் வழக்கம். புளிச்சோறு, எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, தயிர்சோறு, வாழையிலை, மேலே ஒரு துணி. பசியோடு வருகிற வழிப்போக்கனுக்குச் சோறு போடுவதைப் பெரிய புண்ணியமாக நினைத்த ஊர் இது. நம் விருத்தாசலம் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த சுந்தரர் கதை உங்களுக்குத் தெரியும். அதே சுந்தரர் சீர்காழிப் பக்கம் திருக்குருகாவூருக்கு நடந்து போகும்போது பசியில் வாட, சிவபெருமானே பந்தல் போட்டுப் பொதிசோறும் தண்ணீரும் தந்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. வழிப்பயணத்துச் சோறு நமக்கு அவ்வளவு முக்கியம்.

ரயில் வந்தபோது ஸ்டேஷன்களில் சாப்பாட்டு விடுதி வந்தது. ஆனால் அங்கே பந்தி ஒன்றாக இல்லை. தென்னிந்திய ரயில்வே நிலையங்களில் பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம் என்று பலகை தொங்கியது. ஒரே ரயிலில், ஒரே பெட்டியில், ஒரே கட்டணத்தில் வந்தவர்கள் இறங்கியதும் இரண்டு கதவு வழியாகப் போய்ச் சாப்பிட்டார்கள். பெரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941-ல்தான் அந்தப் பலகைகள் போயின. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கிறது.

அக்கரைச்சீமைக்குப் போனவர்களுக்குக் கப்பல். 'ரஜூலா' என்ற பெயரைக் கேள்விப்படாத பெரியவர்கள் நம் பக்கத்தில் குறைவு. 1926-ல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து ஒரு வாரப் பயணம். தட்டு ஏந்தி வரிசையில் நின்று சோறு வாங்க வேண்டும். அலையில் குமட்டல் எடுத்து வாங்கிய சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் படுத்துவிடுவோம் என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரஜூலாவுக்குப் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரி 12-ல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு நம் மக்களின் கப்பல் பயணம் முடிந்தது. அதன் பிறகு சிங்கப்பூர் என்றாலும் மலேசியா என்றாலும் விமானம்தான். வசதி வந்ததால் விமானம் ஏறியவர்கள் கொஞ்சம் பேர். வேறு வழி இல்லாமல் ஏறியவர்களே அதிகம்.

*முதல் சாப்பாடும் காசுக்குத்தான்*

இப்போது என் மாணவன் கேள்விக்கு வருகிறேன். விமானத்தில் முதல் சாப்பாடு எப்போது கொடுத்தார்கள்? 1919 அக்டோபரில். ஹேண்ட்லி பேஜ் என்ற ஆங்கிலக் கம்பெனி லண்டன்–பாரிஸ் விமானத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் சாண்ட்விச்சும் பழமும் வைத்துக் கொடுத்தது. விலை 3 ஷில்லிங். ஆமாம், முதல் சாப்பாடே விலைக்குத்தான் விற்றார்கள். சும்மா கொடுக்கும் வழக்கம் பின்னால் வந்தது. அது ஏன் வந்தது, ஏன் போனது என்பதுதான் கதை.

அந்தக் காலத்து விமானம் இரைச்சலாக இருக்கும், குளிரும், தூக்கிப் போடும். உள்ளே அடுப்பு வைக்க வழி இல்லை. அதனால் பசி எடுத்தால் விமானத்தையே கீழே இறக்கினார்கள். 1929 மார்ச் 30-ல் லண்டனிலிருந்து கராச்சிக்கு இம்பீரியல் ஏர்வேஸ் சேவை தொடங்கியது. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். நடுவில் ரயிலும் உண்டு, தண்ணீரில் இறங்கும் விமானமும் உண்டு. ராத்திரி தங்கலும் சாப்பாடும் தரையில்.

1932-ல் இந்த வழி வளைகுடாவின் அரபுக் கரைக்கு மாறியது. அப்போது பயணிகள் இறங்கிச் சாப்பிட்டுத் தூங்க ஓர் இடம் வேண்டுமே! பாலைவனத்தின் நடுவே கோட்டை மாதிரி ஒரு விடுதி கட்டினார்கள். எந்த ஊரில்? ஷார்ஜாவில். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் வேலைக்குப் போயிருக்கிறார்களோ, அதே ஷார்ஜாவில். அந்தக் கட்டடம் 'அல் மஹத்தா' என்ற பெயரில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. ஷார்ஜாவில் இருக்கும் மாணவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள். லண்டன் துரைகள் இந்தியா வரும் வழியில் ராச்சாப்பாடு சாப்பிட்ட இடம் அது.

அமெரிக்காவில் 1930 மே 15-ல் எலன் சர்ச் என்ற பெண் முதல் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். அவர் படித்தது நர்ஸ் படிப்பு. பயணிகளின் பயத்தைப் போக்க ஒரு நர்ஸ் கூட இருந்தால் நல்லது என்று கம்பெனியிடம் அவரே எடுத்துச் சொல்லி வேலை வாங்கினார். பயத்துக்கு மருந்தாகத்தான் விமானத்தில் உபசாரம் நுழைந்தது. கையில் சூடாக ஒரு காபி இருந்தால் மனிதனுக்குத் தைரியம் வந்துவிடும் அல்லவா!

*நம் நாட்டில்*

1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்து வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்தச் சின்ன விமானத்தில் தபால்தான் ராஜா. ஆள் ஏறினால் மூட்டையோடு மூட்டையாக உட்கார வேண்டியதுதான். சாப்பாட்டைப் பற்றி யார் கேட்பது?

சுதந்திரத்துக்குப் பிறகு 1949 ஜனவரியில் இரவுத் தபால் விமானத் திட்டம் வந்தது. சென்னை, பம்பாய், டெல்லி, கல்கத்தா என்று நான்கு ஊர்களிலிருந்தும் விமானங்கள் ராத்திரி கிளம்பி நாக்பூரில் நடுராத்திரி ஒன்றுசேரும். தபால் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பும். பயணிகளும் அதில் போனார்கள். நாக்பூரில் இறங்கிக் காத்திருந்து வேறு விமானம் மாறிக்கொள்வார்கள். நாம் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி டீ குடித்துவிட்டு வேறு ரயில் மாறுவது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

1948 ஜூன் 8-ல் 'மலபார் பிரின்ஸஸ்' என்ற விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போனது. ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் வெளிநாட்டுப் பயணம் அது. ஜே.ஆர்.டி. அதில் பயணியாகவே போனார். பிறகும் விமானம் ஏறும்போதெல்லாம் அவர் குறிப்பு எடுப்பாராம். திரைச்சீலை அழுக்கு, நாற்காலி சாயவில்லை, தேநீரின் நிறத்துக்கும் காபியின் நிறத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றெல்லாம் எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பியிருக்கிறார். அவ்வளவு பெரிய முதலாளி டீயின் நிறத்தைப் பார்த்திருக்கிறார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து சாக்பீஸ் பெட்டியைத் திறந்து பார்ப்பது மாதிரி!

1946-ல் பாபி கூக்கா என்ற அதிகாரியும் உமேஷ் ராவ் என்ற ஓவியரும் உருவாக்கிய மகாராஜா பொம்மை எல்லோருக்கும் தெரியும். தலைப்பாகை, மீசை, குனிந்த வணக்கம். வருகிறவன் விருந்தாளி என்பது அந்தப் பொம்மை சொன்ன செய்தி. ஆனால் அந்த விருந்துக்கு வந்தவர்கள் யார்? பணக்காரர்கள், அதிகாரிகள், அமைச்சர்கள். அந்தக் காலத்து விமானக் கட்டணத்தை ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் கனவில்கூட நினைக்க முடியாது.

*விருத்தாசலத்துக்காரர்களுக்கு ஒரு தகவல்*

நம் விருத்தாசலம் பீங்கான் ஊர். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே தோண்டி எடுக்கிற களிமண்ணை வைத்துத்தான் இங்கே செராமிக் தொழில் வளர்ந்தது. அதனால் பீங்கான் பற்றிய செய்தி எது கிடைத்தாலும் எடுத்து வைப்பது என் வழக்கம்.

அந்தக் காலத்தில் விமானத்தில் முதல் வகுப்புச் சாப்பாடு உண்மையான பீங்கான் தட்டில்தான் வரும். 1967-ல் ஏர் இந்தியா, சால்வடார் டாலி என்ற உலகப் புகழ்பெற்ற ஸ்பெயின் ஓவியரிடம் ஒரு பீங்கான் சாம்பல் கிண்ணம் வடிவமைத்துத் தரச் சொன்னது. நடுவில் சிப்பி, சுற்றிலும் பாம்பு, தாங்குவதற்கு இரண்டு யானைத் தலையும் ஓர் அன்னமும். தலைகீழாகக் கவிழ்த்தால் யானை அன்னமாகத் தெரியும், அன்னம் யானையாகத் தெரியும்! பிரான்சில் பீங்கானுக்குப் பேர்போன லிமோஜ் ஊரில் செய்து, முக்கியமான பயணிகளுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். டாலி கூலியாகக் கேட்டது என்ன தெரியுமா? ஒரு யானைக்குட்டி. பெங்களூரிலிருந்து ஜெனீவாவுக்கு விமானத்தில் குட்டியை அனுப்பி, அங்கிருந்து லாரியில் ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார்கள். இதை வகுப்பில் சொன்னபோது, "சார், யானைக்குட்டிக்கு ப்ளைட்ல என்ன சாப்பாடு குடுத்தாங்க?" என்று ஒரு குறும்புக்காரன் கேட்டான்.

பீங்கான் கனம். விமானத்தில் கனம் என்றால் எரிபொருள், எரிபொருள் என்றால் பணம். அதனால் மெல்ல மெல்லப் பிளாஸ்டிக் வந்தது. தட்டு மட்டுமா குறைந்தது? 1980-களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ராபர்ட் கிராண்டல், ஒவ்வொரு சாலட் தட்டிலும் ஓர் ஆலிவ் காயைக் குறைத்ததில் கம்பெனிக்கு வருஷத்துக்கு 40,000 டாலர் மிச்சம் என்று கணக்கு காட்டினார். கணக்கு வாத்தியார்கள் பெருக்கல் பாடத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய உதாரணம் இது.

*சாண்ட்விச்சுக்கு ஒரு சண்டை*

முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். சும்மா சாப்பாடு ஏன் கொடுத்தார்கள்?

ஏனென்றால் டிக்கெட் விலையை எந்தக் கம்பெனியும் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. வெளிநாட்டு விமானக் கட்டணங்களை ஐயாட்டா என்ற விமானக் கம்பெனிகள் சங்கம் கூடி முடிவு செய்யும், அரசாங்கங்கள் ஒப்புக்கொள்ளும். எல்லாக் கடையிலும் ஒரே விலை என்றால் வியாபாரி என்ன செய்வான்? கொசுறு கொடுத்து வாடிக்கையாளரை இழுப்பான். விமானக் கம்பெனிகளுக்குச் சாப்பாடுதான் கொசுறு.

கொசுறு அதிகமானால் பக்கத்துக் கடைக்காரன் சும்மா இருப்பானா? 1958-ல் குறைந்த கட்டண வகுப்புக்குச் சாண்ட்விச் மட்டும்தான் கொடுக்கலாம் என்று சங்கம் விதி வைத்தது. ஸ்காண்டிநேவியா நாட்டுக் கம்பெனி கெட்டிக்காரத்தனமாக, ரொட்டித் துண்டு ஒன்றை வைத்து அதன்மேல் இறைச்சி, மீன், பாலாடைக்கட்டி என்று அலங்காரமாக அடுக்கி, இதுவும் சாண்ட்விச்தான் என்றது. அமெரிக்காவின் பான் ஆம் கம்பெனி புகார் செய்தது. சாண்ட்விச் என்றால் என்ன என்பதற்கு உலகப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து விளக்கம் எழுதினார்கள்! 'சாண்ட்விச் யுத்தம்' என்றே வரலாற்றில் அதற்குப் பெயர்.

நம் நாட்டில் 1953-ல் விமானக் கம்பெனிகளை அரசுடைமையாக்கினார்கள். உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. போட்டியே இல்லை. சாப்பாடு டிக்கெட்டோடு சேர்ந்தது. 1990-களில் தனியார் கம்பெனிகள் வந்தன, 1994-ல் பழைய சட்டத்தையே நீக்கினார்கள். அப்போது கொஞ்ச காலம் சாப்பாட்டிலும் உபசாரத்திலும் பெரிய போட்டி நடந்தது.

2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கினார். 'சூரரைப் போற்று' படம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாப்பாடு, பத்திரிகை, சொகுசு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் டிக்கெட் விலையைச் சாமானியனுக்கு எட்டுகிற அளவுக்குக் குறைக்கலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. 2005-ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வந்தது, வளைகுடாவுக்கு நம்மவர்கள் குறைந்த கட்டணத்தில் போக. 2006-ல் இண்டிகோ வந்தது. 2008-ல் ஏர் ஏசியா திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் பறக்கத் தொடங்கியது. இண்டிகோவில் கப்பில் வெந்நீர் ஊற்றிக் கொடுக்கிற உப்புமாவைச் சாப்பிட்டவர்கள் கையைத் தூக்குங்கள்!

ஆக, என் மாணவனுக்குப் பதில் இதுதான். டிக்கெட் விலை எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தவரை கம்பெனிகள் சாப்பாட்டில் போட்டி போட்டன. டிக்கெட் விலையிலேயே போட்டி வந்ததும் சாப்பாட்டை வெட்டின. சும்மா சாப்பாடு கொடுத்த காலத்தில் உன் அப்பா விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு களை எடுத்தார். நீ ஏறுகிற காலத்தில் சாப்பாட்டுக்குக் காசு கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள்.

*ருசி ஏன் இல்லை?*

"காசு கொடுத்தாலும் சப்பென்று இருக்கிறதே" என்பீர்கள். குறை சமையல்காரர் மேல் மட்டும் இல்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலைமேல் இருப்பது போல இருக்கும். ஊட்டி, கொடைக்கானல் உயரம். ஈரப்பசை பாலைவனம் மாதிரி மிகக் குறைவு. மூக்கு காய்ந்துவிடும். மூக்கு வேலை செய்யாவிட்டால் நாக்குக்கு என்ன தெரியும்? ஜலதோஷத்தில் ரசம் குடிக்கிற கதைதான். 2010-ல் ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனம் லுஃப்தான்சா கம்பெனிக்காகச் சோதித்தபோது, அந்தச் சூழ்நிலையில் உப்பு 20 முதல் 30 சதவீதம், இனிப்பு 15 முதல் 20 சதவீதம் குறைவாகத் தெரிகிறது என்று கண்டார்கள். இன்ஜின் இரைச்சலும் இனிப்பை மங்க வைக்கிறது என்று 2015-ல் அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். தக்காளி, காளான் போன்றவற்றில் இருக்கும் ருசி மட்டும் மங்குவதில்லை. நம் புளிக்குழம்பும் தக்காளித் தொக்கும் அங்கே எடுபடுவதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

இன்னொன்று. அந்தச் சாப்பாடு விமானத்தில் சமைத்தது இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய சமையற்கூடத்தில் பல மணி நேரம் முன்பே சமைத்து, உடனே கடுங்குளிரில் வைத்து, வண்டியில் ஏற்றி, மேலே போனதும் சூடுபடுத்துகிறார்கள். குளிர்ந்த சோறு விறைக்கும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம். அதனால்தான் வெறும் வெள்ளைச்சோற்றைவிட எண்ணெய், நெய் சேர்த்த சோறு விமானத்தில் தேறுகிறது. இட்லி ஆவியில் மறுபடி உயிர் பெறும். தோசையால் முடியாது. டிகிரி காபியை மறந்துவிடுங்கள், அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இந்தக் குளிர்ச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் என்ன ஆகும்? 1975 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து அலாஸ்கா வழியாகக் கோபன்ஹேகன் போன ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 344 பயணிகள் இருந்தார்கள். காலை உணவு சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் 197 பேருக்கு வாந்தி பேதி. சமையல்காரர் ஒருவரின் விரலில் இருந்த புண்ணிலிருந்து கிருமி பன்றி இறைச்சியில் ஏறி, சரியாகக் குளிரூட்டாமல் வைத்ததில் பெருகிவிட்டது. விமானிகள் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடவில்லை. அதனால் விமானம் பத்திரமாக இறங்கியது. இரண்டு விமானிகளுக்கும் வேறு வேறு உணவு கொடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கைக்கு எப்போதும் எடுத்துச் சொல்லும் உதாரணம் இது. சத்துணவுக் கூடத்தில் ஆசிரியர் முதலில் ருசி பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாற வேண்டும் என்கிறோமே, அதன் அருமை இங்கே புரியும்.

*யாருக்கு அருகில் யார்*

ரயில்வே பலகையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? விமானத்தில் அப்படிப் பலகை என்றைக்கும் தொங்கியதில்லை. அங்கே பிரிவு பணத்தால். முன்னால் உட்கார்ந்தவனுக்குப் பீங்கான், பின்னால் உட்கார்ந்தவனுக்குப் பிளாஸ்டிக். பின்பக்கத்துக்குள்ளே ஒரே பந்தி. யார் பக்கத்தில் யார் என்பதை டிக்கெட்தான் முடிவு செய்யும். 1980, 90-களில் வளைகுடா போன நம் ஊர்க்காரர்கள் பலர் சொல்வது இது: பிறந்த ஊரில் டீக்கடையில்கூடத் தனிக் கிளாஸில் குடித்தவனுக்கு, முதன்முதலில் ஒருவர் புன்னகையோடு குனிந்து, "உங்களுக்கு என்ன வேண்டும் சார்?" என்று கேட்டது விமானத்தில்தான். அந்த 'சார்' சாப்பாட்டைவிட ருசியாக இருந்தது என்று என் மாணவன் ஒருவன் சொன்னான்.

இன்னொருவன் கதை வேறு. முதல் பயணம். சாப்பாட்டுக்குக் காசு கேட்பார்களோ என்று பயந்து, "வேண்டாம், வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டான். ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கியது போகச் சட்டைப்பையில் வெறும் நூறு ரூபாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காயல்பட்டினத்துப் பெரியவர் அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "தம்பி, இதெல்லாம் டிக்கெட்லயே சேர்ந்ததுப்பா, வாங்கிச் சாப்புடு" என்று அவரே கேட்டு வாங்கிக் கொடுத்தாராம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பெரியவர் முகம் அவனுக்கு மறக்கவில்லை.

இன்று நிலைமை தலைகீழ். காசு கேட்க மாட்டார்கள் என்று நம்பி வாங்கிவிட்டு, பிறகு பில்லைப் பார்த்து விழிக்கிறார்கள். என் கண்ணால் பார்த்தது ஒன்று. நாலு மணி நேரப் பயணம். பக்கத்து வரிசையில் சர்க்கரை நோய் உள்ள ஓர் அம்மா, மகளின் பிரசவத்துக்குப் போகிறார். கையில் நம் ரூபாய் நோட்டு மட்டும். அந்த விமானத்தில் கார்டில்தான் பணம் கட்ட வேண்டும் என்றுவிட்டார்கள். சுற்றி இருந்த நாங்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பஸ்லகூட பசின்னா வண்டியை நிறுத்துவாங்களேப்பா?" விக்கிரவாண்டிப் பக்கம் நிற்கிற மோட்டல் சாப்பாட்டை நாம் எவ்வளவோ திட்டுகிறோம். ஆனால் அங்கே இறங்கி ஒரு வாழைப்பழமாவது வாங்கலாம். வானத்தில் இறங்க முடியாது. இறங்க முடியாத இடத்தில் பசிக்கிறவனுக்குச் சோறு என்பது வியாபாரம் மட்டும்தானா என்பதை எல்லோரும் யோசிக்க வேண்டும். டிக்கெட் மலிவாக இருக்கட்டும், சந்தோஷம். ஆனால் நீண்ட பயணத்தில் தண்ணீரும் ஒரு பிடி உணவும் எல்லோருக்கும் உண்டு என்று விதி வைத்தால் எந்தக் கம்பெனியும் மூழ்கிவிடாது என்பது என் கருத்து.

*போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்*

வெளியூர் போகும் பிள்ளைகளும் அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. டிக்கெட் எடுக்கும்போதே சாப்பாடு உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் சொல்லிவைக்க வகைகள் இருக்கின்றன. 'இந்து மீல்' என்பது சைவச் சாப்பாடு இல்லை. மாட்டிறைச்சி சேராத அசைவம் அது. சைவர்கள் 'ஏசியன் வெஜிடேரியன்' என்று கேட்க வேண்டும். பாய் வீட்டுப் பிள்ளைகளுக்கு 'முஸ்லிம் மீல்' உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும் தனியாக உண்டு. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

2. கட்டுச்சோறு கொண்டுபோகலாம். இட்லி, சப்பாத்தி, புளிச்சோறு தடை இல்லை. ஆனால் 2006-க்குப் பிறகு வெளிநாட்டு விமானங்களில் 100 மில்லிக்கு மேல் திரவம் கைப்பையில் கூடாது. சட்னி, சாம்பார், தயிர் எல்லாம் திரவக் கணக்கு.

3. விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயண நேரத்தைப் பொறுத்து, காத்திருக்கும் பயணிக்குச் சாப்பாடும் சிற்றுண்டியும் விமானக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டு விமானத் துறையின் விதி. கவுண்டரில் போய்க் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

4. சென்னை விமான நிலையத்தில் 2025 பிப்ரவரியில் 'உடான் யாத்ரி கஃபே' திறந்திருக்கிறார்கள். திறந்தபோது டீ 10 ரூபாய், சமோசா 20 ரூபாய். விமான நிலைய விலையைப் பற்றி மக்கள் தொடர்ந்து குரல் கொடுத்ததால் வந்தது இது.

5. உங்கள் பக்கத்து இருக்கையில் ஒருவர் "வேண்டாம், வயிறு சரியில்லை" என்று சொன்னால், ஒரு தடவை அவர் முகத்தைப் பாருங்கள்.

முதல் விமானப் பயணத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். ரஜூலாவில் போனவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் அவர்களிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
மங்கலம்பேட்டை.